விடைக்குறிப்பில் இல்லாத பதில்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. (எழுதிக்கொள்வது இல்ல அண்ணே, சொல்லிக்கொள்வது. எழுதறது நான்தான்.)

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும் வீட்டாரும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ் அருள்வானாக. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அந்தச் சுகம் நீடிப்பதாக.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வலது கண்ணில் புரை எடுத்ததிலிருந்து, புதுக் கண்ணாடி வந்து மாட்டும்வரை எழுதவோ படிக்கவோ கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இடது கண் பல வருஷமாகவே பேருக்குத்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் தங்கையைப் பற்றிய புகாரை உங்கள் தங்கையின் கையாலேயே எழுதவேண்டியது என் நஸீபு. வேறு ஆளைக் கூப்பிடலாமே என்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் கடிதம் உங்களிடம் வந்து சேருமுன்னே விஷயம் கடைவீதி போய்ச் சேர்ந்துவிடும். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நீங்கள் "சரி மாப்ள, சரி மாப்ள" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அப்புறம் எதற்குச் சரி சொன்னீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனவே இது எழுத்தில் இருக்கட்டும். நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதவேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். (கூட்டல, குறைக்கல. அடைப்புக்குறிக்குள்ள வர்றது மட்டும் என்னோடது.)

பள்ளிவாசலில் பெண்களுக்கு ஓதவும் எழுதப் படிக்கவும் ஒரு வகுப்பு வைப்போம் என்று தீர்மானம் போட்டது ஜமாஅத் தலைவராகிய நீங்கள். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் தேர்வு எழுதட்டும், முதல் வஹீயை, நபியவர்களுக்கு வந்த முதல் இறைச்செய்தியைப் பற்றியே கேள்வி கேட்போம், 'ஓதுவீராக' என்றுதானே எல்லாம் தொடங்கியது என்று அழகாகப் பேசியதும் நீங்கள். தேர்வு என்றால் நம்ம மாப்பிள்ளையை விட்டால் யார், காலமெல்லாம் தேர்வுத் துறையில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவிலேயே கிடந்தவர் என்று என் தலையில் கட்டிவிட்டு வியாபாரத்துக்கு வெளியூர் கிளம்பியதும் நீங்களேதான். நானும் மறுக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்பே கேள்வித்தாளைத் தயாரித்து, உறையில் போட்டு, அரக்கு வைத்து ஒப்படைத்தேன். விடைக்குறிப்பைத் தாளில்கூட எழுதவில்லை. என் தலைக்குள்ளேயே வைத்திருந்தேன். இலாகாவில் என் கொள்கை ஊரறிந்தது. விடைக்குறிப்பில் இருந்தால் அது விடை, இல்லாவிட்டால் கதை. அதை வைத்துக்கொண்டு எத்தனை பேரைத் தேற்றியிருக்கிறேன், எத்தனை பேரைத் தேறாமல் செய்திருக்கிறேன்! ஒருத்தர் வந்து கேட்டதுண்டா?

தேர்வு நடந்த அன்று நான் கண்ணில் கட்டோடு கட்டிலில் கிடந்தேன். இவள், "பள்ளிவாசல் வரைக்கும் போயிட்டு வந்துடறேங்க" என்றாள். பாய் விரிக்க, தண்ணீர் எடுத்துவைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். (கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.) விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்தது. திருத்த வேண்டியவன் நான், படிக்கக் கூடாதவனும் நான். என்ன செய்வது? கூடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இவளை எதிரே உட்காரவைத்து, "பேரைச் சொல்லாதே, எண்ணை மட்டும் சொல்லி விடையை வாசி. நான் சொல்ற மார்க்கைப் போடு" என்று உத்தரவிட்டேன். மச்சான், இதைவிட நேர்மையான ஏற்பாடு உலகத்தில் உண்டா? திருத்துகிறவனுக்கு யாருடைய தாள் என்றே தெரியாது. அப்படித்தான் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, அந்த ஒரு தாள் வரும்வரை. கேள்வி இது: ஹிரா குகையில் வானவர் ஜிப்ரீல் (அலை) 'ஓதுவீராக' என்று சொன்னபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த பதில் என்ன? விடை பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்: 'நான் ஓதத் தெரிந்தவன் அல்லன்.' இவள் அந்தத் தாளை எடுத்து, 'எதை நான் ஓதுவது?' என்று வாசித்தாள்.

"என்னது?"

"எதை நான் ஓதுவது. அப்படித்தான் எழுதியிருக்கு."

"தப்பு. முட்டை போடு."

"கீழே விளக்கமும் இருக்குங்க. 'குகையிலே தாளும் கிடையாது, ஏடும் கிடையாது. சொல்லக் கேட்டு, மனசுல வாங்கி, வாயால திரும்பச் சொல்றதும் ஓதுறதுதான். அதனால எழுத்துத் தெரியலையேன்னு யாரும் ஒதுங்கி நிக்க வேண்டாம், இன்னைக்கே தொடங்கலாம்.'"

"விளக்கம் யாரு கேட்டா? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியல, பயான் பண்ண வந்துட்டாங்க. இந்த அம்மாவைக் கட்டிக்கிட்டு எவன் என்ன பாடு படறானோ!"

"போட்டுட்டேன்," என்றாள்.

"எதை?"

"முட்டையை."

குரலில் ஒரு நடுக்கம் உண்டா, ஒரு பெருமூச்சு உண்டா? எதுவும் இல்லை, மச்சான். அடுத்த எண்ணைச் சொல்லி அடுத்த தாளை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். (அந்த 'எவன்' என்ன பாடு படறான்னு நான் தாள்ல எழுதல. அதுக்கு மார்க் கிடையாது.)

முடிவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டினார்கள். தொழுகை முடிந்து வெளியே வரும்போது, எனக்குப் புதுக் கண்ணாடி செய்துதருவதாகச் சொன்ன கண்ணாடிக்கடைக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "என்ன பாய், உங்க வீட்ல ஒரே மார்க்ல போயிடுச்சே" என்றார். எங்க வீட்ல யார் எழுதினார்கள் என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரம்மாதான். எங்க வீட்லயும் போயிடுச்சு, ஆனா அது ரொம்ப மார்க்" என்றார். யாருடையதோ செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தேறியது ஒரே ஒரு ஆள், நம்ம தெரு டியூஷன் டீச்சர். அவர் விடை ஒவ்வொன்றும் என் விடைக்குறிப்பைக் கண்ணாடியில் பார்த்தது மாதிரி இருந்தது. அதற்காக அவரை நான் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

"அது உன் தாள்னு ஏன் சொல்லல?"

"பேரைச் சொல்லாதேன்னீங்க."

"உன் கையாலயே முட்டை போட்டியே!"

"போடுன்னீங்க."

"சரி, போட்டாச்சில்ல. அப்புறம் எதுக்கு பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்கிட்ட மறுதிருத்தம் கேட்டு மனு குடுத்திருக்கியாமே?"

"வாசிக்கறவ வேலை உள்ளதை உள்ளபடி வாசிக்கறது. அதைச் செஞ்சேன். எழுதினவ வேலை நியாயம் கேக்கறது. அதை இப்போ செய்யறேன்."

தானே போட்ட மார்க்கை எதிர்த்துத் தானே மனு கொடுக்கிற அநியாயத்தை இலாகாவில் என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்ததில்லை. அதிலும் அவள் காட்டுகிற ஆதாரம் என்ன தெரியுமா? உங்கள் தகப்பனார்! சின்ன வயதில் உங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து அவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம். மாமனாரை நான் தப்புச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், மறுமையில் அல்லாஹ் அவருக்கு உயர்ந்த இடம் தருவானாக. ஆனால் அவர் என் தேர்வை எழுதவில்லையே! (அண்ணே, உங்களுக்கும் அப்படித்தானே சொல்லிக்குடுத்தாங்க? மறந்துடாதீங்க.)

இருவருமாக ஹஸ்ரத்திடம் போனோம். நான் நியாயத்தை எடுத்துவைத்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "நபியவங்க சொன்னதா ரெண்டு விதமாவும் அறிவிப்பு வந்திருக்கு பாய். 'நான் ஓதுறவன் இல்லை'ன்னும் இருக்கு, 'எதை ஓதுவேன்'னும் இருக்கு. முன்னாடி இருந்த பெரியவங்க ரெண்டையும் எடுத்து வெச்சுக்கிட்டுப் பேசியிருக்காங்க" என்றார். விடைக்குறிப்பில் ஒன்றுதானே இருக்கிறது என்றேன். "குறிப்பு யாரு போட்டது?" என்றார். நான்தான் என்றேன். "அப்போ குறிப்புலதான் இடம் பத்தல" என்கிறார்! சரி, அது போகட்டும். ஓதுவீராக என்றால் படி என்றுதானே பொருள், படிப்பு என்றால் எழுத்து, எழுத்து தெரியாதவர்களுக்கு இவள் இன்றே தொடங்கு என்று எழுதியது தப்புத்தானே என்று மடக்கினேன். உடனே இவள் குறுக்கே வந்து, நபியவர்கள் எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் இல்லை, சொல்லக் கேட்டே பெற்றுக்கொண்டார்கள், ஓதிக் காட்டினார்கள், எழுதத் தெரிந்த தோழர்களைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள், அதே நபியவர்கள்தான் போரில் பிடிபட்டவர்களிடம், பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள், அதுவே உங்கள் விடுதலைக்கு ஈடு என்றும் ஏற்பாடு செய்தார்கள், அப்படியானால் காதால் கேட்பதும் வேண்டும் எழுத்தும் வேண்டும், காதிலிருந்து தொடங்கினால் எழுத்துக்குப் போய்ச் சேரலாம் என்று மூச்சுவிடாமல் சொல்கிறாள். ஹஸ்ரத் "மாஷா அல்லாஹ்" என்கிறார். மாஷா அல்லாஹ்வுக்கு மார்க் உண்டா, மச்சான்?

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோபத்தில் வாய் ஒன்று சொல்லிவிட்டது. "கண்ணு இல்லாம நானும் இப்போ எழுத்தறியாத உம்மி மாதிரிதான் உக்காந்திருக்கேன். என்கிட்ட வந்து உம்மி நபியைப் பத்திப் பாடம் நடத்தறீங்களே" என்றேன். ஹஸ்ரத்துக்கு முகம் மாறிவிட்டது. "அஸ்தக்ஃபிருல்லாஹ் சொல்லி அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேளுங்க பாய்" என்றார். சொன்னேன். "எழுத்தறியாத ஒருத்தர் வாயிலேர்ந்து இப்படி ஒரு வேதம் வந்துதுன்னா அது எங்கேயும் பார்த்துப் படிச்சது இல்லைங்கறதுக்கு அத்தாட்சி. அவங்களுக்கு அது அத்தாட்சி. உங்களுக்கு அது கண்புரை" என்றார். பள்ளிவாசலில் வைத்து, பெண்டாட்டி எதிரே! அவர் சொன்னதில் தப்பில்லை, நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தாளே, அதை எப்படி ஏற்றுக்கொள்வது? (இருமல்.)

இதோடு முடிந்ததா? டியூஷன் டீச்சர் முதல் நாள் வகுப்பைத் தொடங்கினார். வந்தவர்கள் யார்? துணி தேய்க்கிற அம்மா, ரெண்டு தையல்காரிகள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர், இன்னும் சில பேர். எழுத்து தெரியாததால்தான் வந்தார்கள். டீச்சர் புத்தகத்தைக் கொடுத்து, "எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவங்க முதல்ல அதைக் கத்துக்கிட்டு அப்புறம் வாங்க, அப்பதான் வகுப்பு சீரா போகும்" என்று அனுப்பிவிட்டார். பாவம், அவர் பழக்கம் அப்படி. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்துப் பழகியவர். அனுப்பப்பட்டவர்கள் தத்தம் வீட்டுக்குப் போகலாமா கூடாதா? நேரே என் வீட்டுக்கு வந்தார்கள். தரை துடைக்கிற அந்த அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "தொழுகையில நிக்கறேன், வாய் மூடி நிக்கறேன். நாலு வசனமாச்சும் வாயில வரணும்மா, அதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டா யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?" என்று அழுதார். இவள் உள்ளே கூப்பிட்டுவிட்டாள். மேல்முறையீடு உங்கள் முடிவுக்காக நிலுவையில் இருக்கும்போதே, மச்சான்! தேர்ச்சி பெறாத ஆசிரியை, அங்கீகாரம் இல்லாத வகுப்பு, என்னுடைய கூடம்!

அன்றிலிருந்து மத்தியானத் தூக்கம் போயிற்று. என் சாய்வு நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்திவிட்டார்கள். பெண்கள் இருக்கிற இடத்தில் நான் எங்கே உட்கார்வது? அடுப்படியில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. நடுக்கதவைச் சாத்திவிடுகிறார்கள். டீயை நானே போட்டுக்கொள்ளலாம் என்று தடவித் தடவி டப்பாவை எடுத்தால் அது சீரகம். சீரக டீ குடித்திருக்கிறீர்களா? வாசலில் குவிந்து கிடக்கிற செருப்புகளில் என்னுடையது என்று நினைத்து மாட்டிக்கொண்டு அசர் தொழுகைக்குப் போனேன். பூப்போட்ட செருப்பு என்று முழுப் பள்ளிவாசலும் பார்த்தபிறகு கண்ணாடிக்கடைக்காரர்தான் சொன்னார். ஒரு நாள் அவர்கள் ஓதுவதைக் கேட்டு அடுப்படியிலிருந்து, "அந்த இடத்துல நீட்டணும், நீட்டணும்" என்று நல்லெண்ணத்தில் ஒரு சத்தம் கொடுத்தேன். உள்ளேயிருந்து துணி தேய்க்கிற அம்மா, "யாருங்க அது, வகுப்பு நடக்குதில்ல?" என்கிறார். என் வீட்டில், என்னை! (நீட்ட வேண்டிய இடம் அது இல்ல.)

இப்போது கண்ணாடிக்கடைக்காரர் புதுசாக ஒரு கலகம் கிளப்புகிறார். திருத்தியவர் தாளைக் கண்ணால் பார்க்கவே இல்லையாம், எழுதியவளே வாசித்தாளாம், ஆகவே தேர்வே செல்லாதாம், மறுதேர்வு வேண்டுமாம். அவர் வீட்டில் தேறவில்லை, அதுதான் விஷயம். நான் தாளைப் பார்க்கமுடியாமல் போனதற்குக் காரணமே அவர்தானே! கண்ணாடி இன்றைக்கு, நாளைக்கு, ஃப்ரேம் வரவில்லை, வந்துவிட்டது, திருகாணி இல்லை! அந்த மனுஷனுக்கு நான் கடைவாசலிலேயே பதில் சொல்லிவிட்டேன். "ஏன்யா, காதால கேட்டா அது படிச்சதாகாதா? ஒரு எழுத்து விடாம அவ வாசிச்சா, ஒரு எழுத்து விடாம நான் மனசுல வாங்கினேன். கண்ணுல பார்த்தாதான் அறிவா? எத்தனையோ தலைமுறையா வேதத்தையே காதால வாங்கி நெஞ்சுல வெச்சுக் காப்பாத்தின கூட்டம்யா நாம! அவ ஏமாத்தியிருந்தா தேறியிருக்க மாட்டாளா? தனக்குத் தானே முட்டை போட்ட ஒரு பொம்பளையை இந்தத் தெருவுல காட்டுய்யா பார்ப்போம்!" என்று கேட்டேன். கடையில் நின்றவர்களெல்லாம் தலையாட்டினார்கள். கண்ணாடிக்காரர் திருகாணி தேடக் குனிந்துவிட்டார். (அண்ணே, என் விடைத்தாள்ல நான் எழுதின விளக்கமும் இதுதான். அதுக்குத்தான் முட்டை.)

அது வேறு, இது வேறு என்று அவளிடம் சொன்னேன். எப்படி வேறு என்று கேட்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

ஆகவே தலைவர் என்ற முறையிலும், மச்சான் என்ற முறையிலும் நீங்கள் செய்யவேண்டியது இதுதான். நான் போட்ட மார்க் போட்டதுதான். அதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் என் சர்வீஸுக்கே இழுக்கு. உங்கள் தங்கையின் மனுவைத் தள்ளுபடி செய்யவேண்டும். என் கூடத்தில் நடக்கிற வகுப்பை உடனே கலைத்து, அந்தப் பெண்களை டியூஷன் டீச்சரிடமே திருப்பி அனுப்பவேண்டும். அவர்கள் எழுத்தைக் கற்றுக்கொண்டு வந்தபிறகு எழுத்தைக் கற்றுக்கொடுக்கட்டும். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் விதி விதிதான். என் நாற்காலி பழைய இடத்துக்கு வரவேண்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாவிட்டால் இனி உங்கள் பள்ளிவாசலுக்கு நான் ஒரு கேள்விகூடத் தயாரிக்கமாட்டேன் என்பதைக் கடுமையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் வியாபாரத்தில் பரக்கத்தும், உடம்பில் ஆஃபியத்தும், இந்த விஷயத்தில் தங்கைப் பாசமில்லாத நடுநிலையும் அல்லாஹ் தருவானாக. தங்கள் இல்லத்தரசிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் நியாயமான மச்சான்
(கையெழுத்து அவரோடது. எங்கே போடணும்னு விரலைப் பிடிச்சுக் காட்டினேன்.)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு விஷயம். இதை இவளிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போது எழுதச் சொல்வதால் தெரிந்துகொள்கிறாள், தெரிந்துகொள்ளட்டும். முதல் வஹீயைப் பற்றிக் கேள்வி எழுத எனக்குத் தெரியுமே தவிர, 'ஓதுவீராக' என்று தொடங்கும் அந்த அத்தியாயம் எனக்கு முழுசாக மனப்பாடம் கிடையாது. முதல் ஐந்து வசனம் தெரியும். அதற்குமேல் எப்போதும் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஓதுவேன், கண்தான் இருந்ததே என்று. அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து, கதவுக்கு இந்தப் பக்கம், இவள் சொல்லச்சொல்ல அவர்களோடு நானும் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சும்மா பொழுதுபோகத்தான். நேற்று விடியற்காலை சுப்ஹு தொழுகையில் நின்றபோது பாதிக்கு மேல் தானாக வாயில் வந்தது, மச்சான். என் வயதில், கண் இல்லாமல், தானாக வந்தது. நான் அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், அது சொட்டு மருந்து. இப்போது முக்கால்வாசியில் நிற்கிறோம். ஆகவே மேலே சொன்ன கோரிக்கைகளை வாபஸ் வாங்குகிறேன். வகுப்பைக் கலைக்கவேண்டாம். நாற்காலி சுவரோரமே இருக்கட்டும். மார்க் விஷயத்தில் ஹஸ்ரத் சொன்னபடி குறிப்பில் இன்னொரு வரிக்கு இடம் விடுகிறேன், அவளையே ஆசிரியையாகப் போடுங்கள். டியூஷன் டீச்சரை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தள்ளிப்போடாதீர்கள், மீதி வசனங்கள் எனக்கு வேண்டும்.

(அண்ணே, அவரு கதவுக்கு அந்தப் பக்கம் ஓதறது எனக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும். அதனாலதான் கதவுப் பக்கமா திரும்பி உக்காந்து சொல்லிக்குடுக்கறேன். நேத்து அவரு ஓதினதுல ரெண்டு இடத்துல தப்பு இருந்துச்சு. முட்டை போடல. எல்லாரையும் முதல்லேர்ந்து இன்னொரு தடவை ஓதச் சொன்னேன். சரியா வந்துடுச்சு.)